மாமாவின் பிரஷர் மெஷினும் மகனின் தொடையும்

வெள்ளவத்தை அம்மா:
போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த கூத்து இது. மகனுக்கு நான்காம் மாதத் தடுப்பூசி போட்ட நாள். பின்னேரம் உடம்பு சுட்டது. ஒரு நேரப் பாலும் குடிக்காமல் உறங்கிக்கொண்டே இருந்தான். மாமாவுக்குப் பன்னிரண்டு வருடமாகப் பிரஷர். காலை மாலை தன் மெஷினில் பார்த்துக் கொப்பியில் எழுதி வைப்பவர். "பிள்ளைக்கும் ஒருமுறை பார்ப்போம்" என்றார். கையில் பட்டி நிற்கவில்லை, தொடையில் சுற்றினோம். இரண்டு தடவை பிழை காட்டியது. மூன்றாம் தடவை 74/41. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எனக்கு இப்படி வந்தால் நான் நிலத்தில் கிடப்பேன்" என்றார். அவ்வளவுதான். இரவு பத்தரைக்குக் காலி வீதியில் ஆட்டோ பிடித்துப் பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கு ஓடினோம்.

அங்கிருந்த டொக்டர் பிரஷர் கதையைக் கேட்டுக்கொண்டாரே தவிர, உடனே அதை அளக்கவில்லை. பிள்ளையின் நிறத்தைப் பார்த்தார். நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று கேட்டார். அதன் பிறகுதான் ஒரு சின்னப் பட்டியைக் கையில் கட்டி அளந்தார்: 88/50. "இவனுக்கு இது சரியான அளவு" என்றார். நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு முதல் நாளில் மேல் எண் 60, 70 என்று இருப்பதே வழக்கமாம். கிழமைகள் போகப் போக ஏறி, சில மாதங்களில் 80, 90 பக்கம் வந்து நிற்குமாம். 120/80 பெரியவர்களின் கணக்கு. அளவுக்கு மிஞ்சிய பெரிய பட்டி கட்டினால் உள்ளதைவிடக் குறைத்தும் காட்டுமாம். காய்ச்சல் தடுப்பூசியால் வந்தது. பரசிற்றமோல் பாணியோடு வீடு திரும்பினோம். ஆட்டோவில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை.

இளைப்பாறிய தாதி, தெகிவளை:
மகள், மாமாவைக் கோபிக்காதீர்கள். முப்பது வருடம் பிள்ளைகள் வார்டில் இருந்தவள் சொல்கிறேன், பச்சைக் குழந்தைக்குப் பிரஷர் பார்ப்பது பொறுமை வேண்டிய வேலை. பட்டியின் அகலம் மேற்கையின் சுற்றளவில் ஏறக்குறையப் பாதி இருக்க வேண்டும். சிறிதாகிவிட்டால் கூட்டிக் காட்டும். அதனால்தான் பிறந்த குழந்தைகளுக்கென்றே 1 முதல் 5 வரை இலக்கமிட்ட பட்டிகள் இருக்கின்றன. நான் பால் கொடுத்து ஒன்றரை மணித்தியாலம் போக விடுவேன். வலக்கையில் பட்டியைக் கட்டிவிட்டுக் கால்மணி நேரம் தொடாமல் விட்டால், பிள்ளை அதை மறந்து உறங்கிவிடும். பிறகு இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று தடவை. முதல் எண் பெரும்பாலும் சற்றுக் கூடவே வரும். அழுகிற பிள்ளையில் எடுத்த எண்ணை நான் எழுதுவதே இல்லை. சில இளம் தாதிகள் எழுதிவிட்டு ஓடுவார்கள், அதைக் கண்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

சுகமாகப் பிறந்து சுகமாக வளரும் குழந்தைக்கு இதை வழக்கமாகப் பார்க்க வேண்டியதும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டலிலும் மூன்று வயதிலிருந்துதான் ஆண்டுக்கொரு முறை என்று இருக்கிறது. குறைமாதம், இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு போன்றவை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் அதற்கு முன்பே பார்ப்போம்.

கொட்டாஞ்சேனை அப்பா:
அந்த "மட்டும்" என்பதற்குள் வருபவள் என் மகள். 29 வாரத்தில், 1.2 கிலோவில் பிறந்தாள். அவளுடைய திரையில் மேல் எண், கீழ் எண், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண். நான் முதல் இரண்டையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்; அவர்கள் பார்த்தது மூன்றாவதை, அதாவது சராசரி அழுத்தத்தை. "இவள் 29 வாரப் பிள்ளை, முதல் நாளில் இந்த எண் 29க்குக் கீழே போகாமல் இருந்தால் ஓரளவு நிம்மதி" என்றார் டொக்டர். கைக்கணக்குத்தான், இதை மட்டும் நம்பி மருந்து கொடுப்பதில்லை என்றும் சொன்னார். அன்றிரவு அது 31. அந்த 31ஐப் பார்த்துக்கொண்டே கதிரையில் விடிய விடிய இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு கதை தலைகீழானது. இப்போது ஒவ்வொரு கிளினிக்கிலும் பிரஷர் கூடுகிறதா என்று பார்க்கிறார்கள். தொப்புள் நாடியில் குழாய் விட்டிருந்த பிள்ளைகளுக்கு, இரத்தக் கட்டி ஒன்று சிறுநீரகத்துக்குப் போகும் நாடியை அடைத்தால் பிரஷர் ஏறிவிடுமாம். இதுவரை ஒன்றுமில்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தாய்:
எண்ணை நினைத்துப் பயந்தவர்களின் கதைகளை வாசித்தேன். எங்களுக்கு எண் எதையும் யாரும் எடுக்கவே இல்லை. இரண்டாவது மகன் ஒன்பதாம் நாளிலிருந்து பால் குடிக்கும்போது வியர்த்தான். நாலு மிடறு குடித்துவிட்டு இளைப்பான். கால்கள் குளிர்ந்திருந்தன. ஓரிடத்தில் காட்டினோம். "பால் சரியாகக் கொடுக்கவில்லை, முதுகைத் தட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். முதல் பிள்ளைக்கு இரண்டு வயது வரை பால் கொடுத்தவள் நான்!

இரண்டாம் நாள் வேறோர் இடத்தில் ஒரு பெண் டொக்டர் பிள்ளையின் தொடையிடுக்கில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு இரண்டு கையிலும் இரண்டு காலிலும் பிரஷர் எடுக்கச் சொன்னார். வலக்கையில் 96, காலில் 62. இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி, கைகளுக்குக் கிளை பிரிந்த பிறகு ஓரிடத்தில் ஒடுங்கியிருந்தது. வயிற்றுக்குள் இருக்கும்போது திறந்திருக்கும் சிறு குழாய் பிறந்து சில நாட்களில் மூடும். அது மூடத் தொடங்கிய பிறகுதான் குறை வெளியே தெரிந்திருக்கிறது. அதை மூடவிடாமல் வைத்திருக்கும் மருந்தை அன்றே ஏற்றினார்கள். அவனுடைய 24ஆம் நாளில் சத்திரசிகிச்சை. இப்போது மூன்று வயது, கதவெல்லாம் ஏறுகிறான். இன்னும் ஒவ்வொரு முறையும் கையிலும் காலிலும் அளக்கிறார்கள்.

இளைப்பாறிய தாதி, தெகிவளை:
தொடையிடுக்கில் நாடி பார்க்க அரை நிமிடம் போதும் பிள்ளை. அதைச் செய்யாமல் தாய்க்குப் பால் கொடுக்கத் தெரியாது என்று சொன்னவரை என்ன சொல்வது.

வெள்ளவத்தை அம்மா:
பம்பலப்பிட்டி அக்கா எழுதியதை வாசித்துவிட்டு, உறங்கும் மகனின் கால்களைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தன. மாமாவுக்கும் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அன்ரி, நீங்கள் சொன்ன 1 முதல் 5 வரை இலக்கப் பட்டிகள் எந்தப் பாமசியில் கிடைக்கும் என்று கேட்கிறார். தயவுசெய்து பதில் எழுதிவிடாதீர்கள்.