ஆறு பாட்டில் மோர்கோன்: குடித்துத் தீர்ப்பதா, இன்னும் வைத்திருப்பதா?

தக்கைத்திருகி:

2018 அறுவடையின் மோர்கோன் ஆறு பாட்டில் வாங்கினேன். பிரான்சின் போஜொலே வட்டாரத்துச் சிவப்பு ஒயின் அது. அங்கே குடும்பமாகவே கொடி வளர்த்து, பறித்து, புளிக்கவைத்து விற்கிற ஒரு சிறு தயாரிப்பாளருடையது. விலை கையைக் கடிக்கவில்லை. 2020-இல் முதல் பாட்டிலைத் திறந்தேன். கறுப்புச் செர்ரி, நசுக்கிய பூ, மழை நனைத்த கல் என்று ஒவ்வொரு மிடறிலும் ஒரு வாசனை. அன்றிரவே காலியாகிவிட்டது. ‘இப்போதே இப்படியென்றால் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும்!’ என்ற பேராசை அப்போது பிடித்தது. மீதி ஐந்தையும் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் படுக்கவைத்துவிட்டேன்.

2022-இல் திறந்த இரண்டாவது, கோபித்துக்கொண்ட விருந்தாளி மாதிரி வாயே திறக்கவில்லை. சென்ற வாரம் மூன்றாவது. விளிம்பில் செங்கல் நிறம், பழம் வற்றியிருக்கிறது, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. மோர்கோன் முதிர்ந்து பக்கத்து வட்டாரமான பர்கண்டியின் ஒயின் சாயலுக்கு வருவதைச் சொல்ல பிரெஞ்சில் ‘மோர்கோனே’ என்று ஒரு வினைச்சொல்லே இருக்கிறதாம். என்னுடையது ஏன் அப்படி ஆகவில்லை? மிச்சமுள்ள மூன்றை வைத்திருப்பதில் அர்த்தம் உண்டா?

பழைய பீப்பாய்:

அந்த மேல்தட்டில் கோடையில் எத்தனை டிகிரி இருக்கும் என்று ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். முப்பதைத் தொட்டால் எனக்கு ஆச்சரியம் இல்லை. நிலவறை என்றால் 12, 13 டிகிரி. அதைவிட முக்கியம், ஆண்டு முழுவதும் அது பெரிதாக ஏறி இறங்காமல் இருப்பது. சூட்டில் ஒயின் வேகமாக முதிர்வதோடு நிற்பதில்லை, கோணலாகவும் முதிர்கிறது. பழ மணம் வெந்துபோகிறது. திரவம் விரிந்து சுருங்கும்போது தக்கையின் ஓரமாகக் காற்று நுழைகிறது. ஆகவே உங்கள் மோர்கோன் முதிரவில்லை என்று அதைக் குறை சொல்லாதீர்கள். அலமாரியில் அதற்கு வயது இரட்டிப்பாக ஓடியிருக்கிறது.

இதையெல்லாம் பெரிய மனிதன் தோரணையில் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஒரு காலத்தில் இத்தாலியின் பியெமோன்தே வட்டாரத்துச் சிவப்பு ஒயினான தோல்செத்தோ பன்னிரண்டு பாட்டில் வாங்கி, துவர்ப்பு அதிகமாக இருக்கிறதே, அடங்கட்டும் என்று ஏழு வருடம் காத்திருந்தேன். நல்ல குளிர்ச்சியான இடத்தில்தான் வைத்திருந்தேன். துவர்ப்பு அடங்குவதற்குள் பழம் செத்துவிட்டது. கடைசி நான்கு பாட்டில்கள் ஊறிய மரப்பட்டையைச் சப்புவது போல் இருந்தன. துவர்ப்பு இருந்தால் நீண்ட ஆயுள் என்று அதுவரை நம்பியிருந்தேன். தோல்செத்தோவில் துவர்ப்பு உண்டு, புளிப்பு குறைவு. நாள்பட நிற்கவேண்டுமென்றால் புளிப்பு, துவர்ப்பு, பழத்தின் அடர்த்தி மூன்றும் கைகோத்து நிற்கவேண்டும். ஒருவர் முன்னால் போய்விட்டால் மற்றவர்கள் அநாதை.

இப்போது நான் வைத்திருக்கும் ஒரே சோதனை இது. புதிதாக வாங்கியதில் ஒன்றைத் திறந்து பாதியைக் குடித்துவிட்டு, மீதியைத் தக்கையால் மூடி மறுநாள் குடிக்கிறேன். மறுநாள் இன்னும் திறந்து பேசினால் இரண்டு மூன்று வருடம் விட்டுப்பார்க்கிறேன். சோர்ந்துபோயிருந்தால் எஞ்சியதை அந்த ஆண்டுக்குள் முடிக்கிறேன். திறந்த பாட்டிலில் காற்று ஒரே இரவில் செய்வதும், மூடிய பாட்டில் வருடக்கணக்கில் செய்வதும் ஒன்றல்ல என்று வேதியியல் படித்தவர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும். ஏழு வருடம் காத்திருந்து ஏமாறுவதைவிட இது மேல்.

சுண்ணாம்புச்சரிவு:

பீப்பாய் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் மலிவானது, சிறு தயாரிப்பாளருடையது என்பதற்காக எல்லாவற்றையும் இன்றே குடித்துவிட வேண்டும் என்று யாரும் படித்துவிடக் கூடாது. பிரான்சின் ஷினோன் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். வியென் ஆற்றோர மணலிலும் சரளையிலும் விளைந்த கபெர்னே ஃபிரான் திராட்சையின் ஒயின் இரண்டு வயதில் துள்ளும், ஐந்தில் களைக்கும். அதே ஊரில், அதே தயாரிப்பாளர், மேலே சுண்ணாம்புக்கல் சரிவில் எடுத்தது பத்து வருடம் அசராது. விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. லேபிளில் தோட்டத்தின் பெயரைப் பார்த்துக் கேட்டு வாங்கவேண்டும். கிரேக்கத்து நௌசாவில் ஸினோமாவ்ரோ திராட்சையில் எடுக்கும் ஒயின் இன்னொன்று: இளமையில் பல்லைக் கூசவைக்கும் துவர்ப்பு, தக்காளியின் புளிப்பு. அந்த ஒயினுக்கு எட்டு வயதாகும்போது குடித்தவர்கள், விலை கூடிய இத்தாலிய ஒயினான பரோலோவுக்குச் செலவழிக்க யோசிப்பார்கள்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. ஸ்பெயினின் ரியோகாவில் ‘கிரான் ரெசெர்வா’ என்ற உயர்தரச் சிவப்பு ஒயின் என்றால் குறைந்தது ஐந்து வருடம், அதில் இரண்டு வருடம் ஓக் பீப்பாயில், முதிரவைத்த பிறகே வெளியே விடவேண்டும் என்பது விதி. அதைத் தாங்க முதல் வேண்டும், இடம் வேண்டும். சிறு தயாரிப்பாளருக்கு அடுத்த அறுவடைக்குள் தொட்டி காலியாகவேண்டும், கூலி கொடுக்கவேண்டும். அதனால் அவர் பாட்டிலில் அடைத்ததும் விற்கிறார். அது குடிக்கத் தயார் என்று அதற்குப் பொருள் இல்லை. காத்திருக்கும் வேலையை நம் தலையில் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான். முதிர்ந்த ருசி வேண்டும், நிலவறை இல்லை என்றால், முதிரவைத்தே விற்பதை வாங்கிக்கொள்ளுங்கள். மோர்கோனை மோர்கோனாகவே குடியுங்கள்.

(மோர்கோனுக்குரிய திராட்சையான கமேயின் கொடியை 1395-இல் பர்கண்டியிலிருந்து பிடுங்கியெறிய ஆணையிட்ட பிலிப் கோமகன் இந்த உரையாடலைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.)

அரைக்கோப்பை:

ஒரு சின்ன விஷயம். அந்தத் தயாரிப்பாளர் ஒயின் கெடாமலிருக்க சல்பர் டை ஆக்சைடு எவ்வளவு சேர்க்கிறார் என்று தெரியுமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதி. மோர்கோனில் பலர் முப்பதுக்குக் கீழே நிறுத்துகிறார்கள், சிலர் ஒன்றுமே சேர்ப்பதில்லை. ருசியில் அந்த உயிர்ப்பு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பாதுகாப்புக் குறைவு. 14 டிகிரிக்கு மேல் பாட்டிலுக்குள்ளேயே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடலாம். பின்பக்க லேபிளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மூன்றாவது பாட்டிலை எந்தச் சூட்டில் ஊற்றினீர்கள் என்றும் சொல்லவில்லையே.

தக்கைத்திருகி:

லேபிளில் பொடி எழுத்தில், 14 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்றே இருக்கிறது. ஆறு பாட்டில் வாங்கி, மூன்றைக் குடித்து, இப்போதுதான் படிக்கிறேன்.

வெப்பமானியும் வைத்தேன். மேல்தட்டில் 29. மூன்றாவதை அங்கிருந்து எடுத்து அப்படியே ஊற்றிக் குடித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நேற்று நான்காவதை இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, ஏறக்குறைய 14 டிகிரியில் திறந்தேன். செங்கல் நிறம் அதேதான், களைப்பும் தெரிந்தது. ஆனால் புளிப்பு உள்ளே ஒடுங்கி, அடியில் எங்கோ அந்தச் செர்ரி இன்னும் இருந்தது. பாதியை மூடி வைத்து இன்று காலை மோந்து பார்த்தேன். பீப்பாய் ஐயாவின் சோதனையில் படுதோல்வி.

மீதி இரண்டையும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டேன். ஒன்றை இந்தச் சனிக்கிழமை திறக்கிறேன். மற்றதை மறுநாள்.