45 வயசுல ஹார்ட் ஃபெயிலியர், காரணமே தெரியலங்கறாங்க. யாராச்சும் இப்படி இருக்கீங்களா?

பல்லடம்_தறிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கங்க. வயசு 45, விசைத்தறி ஓட்டறேன். சுகர் இல்ல பிரஷர் இல்ல, பீடி தண்ணி எதுவும் கிடையாதுங்க. வறட்டு இருமல்ல தான் ஆரம்பிச்சுது, பஞ்சு தூசின்னு நெனச்சு சிரப்பா குடிச்சிட்டு இருந்தேன், அப்புறம் படுத்தா மூச்சு முட்டும், ஒரு தலகாணி மூணு ஆச்சு, கடைசில சேர்ல உக்காந்தே தூங்கினேன். ஒரு நாள் செருப்ப கழட்டினா வார் அச்சு கால்ல குழியா பதிஞ்சிருக்கு, ராத்திரி வரைக்கும் மறையல. எக்கோல (ஹார்ட் ஸ்கேன்) இ.எஃப், அதாவது ஹார்ட் ரத்தத்த தள்ளுற அளவு, 25ன்னு சொல்லிட்டாங்க. ஆஞ்சியோல அடைப்பே இல்ல, தைராய்டு நார்மல். ரிப்போர்ட்ல டைலேட்டட் கார்டியோமயோபதி, இடியோபதிக்னு போட்டிருக்கு, ஹார்ட் பெருசாகி தசை வலு கொறஞ்சிருக்கு, இடியோபதிக்னா காரணம் தெரியாததுன்னு அர்த்தமாம். அது தாங்க மனச அரிக்குது, என்ன தப்பு பண்ணேன்னே தெரியல. ஹார்ட் ஃபெயிலியர்னதும் வீட்ல ஹார்ட் நின்னு போச்சுன்னு நெனச்சு அழுதுட்டாங்க, ஹார்ட் சரியா பம்ப் பண்ணலங்கறது தான் அர்த்தமாம். நாலு வகை மாத்திரை, மூணு வாரம் ஆச்சு, எந்திரிச்சா தலை சுத்துது. தறிக்கு திரும்ப முடியுமா? எத்தன நாளைக்கு இந்த மாத்திரை?

மதுரை_அக்கா:
தம்பி, நீங்க ஒரு தப்பும் பண்ணல, மொதல்ல அத விடுங்க. எனக்கு 41 வயசுல இதே பேரு தான் வச்சாங்க, இ.எஃப் 22. இப்ப 48 ஆகுது, சமைக்கிறேன், மார்க்கெட் போறேன், மாடி மட்டும் நின்னு நின்னு ஏறுவேன்.
ஒரு எடை மெஷின் வாங்குங்க. தெனமும் காலைல பாத்ரூம் போயிட்டு வந்து காப்பிக்கு முன்னாடி ஏறி நின்னு, மாசக் காலண்டர் கட்டத்துக்குள்ள எழுதிருவேன். ஒரு கல்யாணத்துல ஊறுகா அப்பளம்னு சாப்பிட்டுட்டேன், ரெண்டே நாள்ல 2 கிலோ ஏறிருச்சு, அது சதை இல்ல தம்பி, தண்ணி. உடனே டாக்டருக்கு போன் பண்ணேன், நீர் மாத்திரைய கொஞ்ச நாளைக்கு கூட்டினாங்க, அட்மிட் ஆகாம தப்பிச்சேன். எல்லாம் உப்பால வந்தது, கருவாடும் வேணாம்.
இன்னொண்ணு. ரெண்டாவது வருசம் இ.எஃப் 48 வந்துச்சு, சரியாப் போச்சுன்னு நானா மாத்திரைய நிறுத்திட்டேன். நாலு மாசத்துல 30க்கு எறங்கிருச்சு. அத நெனச்சா இன்னமும் வயிறு கலங்குது.

எக்கோ_ரூம்:
எக்கோ எடுக்கறது தான் என் வேலை. அக்கா சொன்னது பெரிய விஷயம். லண்டன்ல இப்படி நல்லா தேறினவங்கள வச்சே சோதிச்சு பாத்தாங்க, டிரெட் ஹெச்.எஃப்னு பேரு, 2018ல வந்துச்சு. டாக்டர் கண்காணிப்புல படிப்படியா மாத்திரைய நிறுத்தின 25 பேர்ல 11 பேருக்கு ஆறே மாசத்துல திரும்பி வந்துருச்சு. அதனால எத்தன நாளைக்குன்னு கேட்டா, தொடர்ந்து சாப்பிடணும்னு தான் சொல்லணும்.
இ.எஃப் 25ன்னா ஹார்ட்ல கால்வாசி தான் மிச்சம்னு பயப்படாதீங்க. ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ள நெறஞ்ச ரத்தத்துல நூத்துக்கு எவ்ளோ வெளிய தள்ளுதுங்கற கணக்கு அது, நல்லா இருக்கறவங்களுக்கே 55, 60 தான் இருக்கும். காரணம் தெரியாட்டியும் வைத்தியம் அதே நாலு மாத்திரை தான். தலை சுத்துறது பிரஷர் எறங்கறதால இருக்கலாம், மெதுவா எந்திரிங்க, டாக்டர்ட்ட சொல்லுங்க, டோஸ மாத்தி தருவாங்க, நீங்களா விட்டுறாதீங்க. டோஸ் முழுசா ஏத்தி மூணு மாசம் கழிச்சு எக்கோ பாப்பாங்க, அப்பவும் 35 தாண்டலன்னா ஐ.சி.டி மெஷின் (துடிப்பு தாறுமாறானா ஷாக் குடுத்து சரி பண்றது) வைக்கறத பத்தி பேசுவாங்க. எம்.ஆர்.ஐ எடுத்தீங்களா? பழைய வைரஸ் காய்ச்சல் ஹார்ட் தசைல விட்ட தழும்பு மாதிரி சிலது அதுல தான் தெரியும். தறி வேலை பத்தி அந்த எக்கோ பாத்துட்டு கேளுங்க, இப்ப வீட்டுக்குள்ள நடங்க போதும்.
மூட்டு வலிக்கு டைக்ளோபெனாக், ஐபுபுரூஃபன் கடைல வாங்கி போடாதீங்க, உடம்புல தண்ணி கோத்துக்கும். உப்புக்கு பதிலா விக்கற பொட்டாசியம் உப்பும் இந்த மாத்திரைகளோட ஆபத்து.

கரூர்_செந்தில்:
மருதம்பட்டை கஷாயம் இதயத்துக்கு நல்லதுண்ணா, எங்க பெரியப்பா குடிச்சாரு.

மதுரை_அக்கா:
செந்தில் தம்பி, நல்ல மனசுல தான் சொல்றீங்க. ஆனா மாத்திரைக்கு பதிலா குடிச்சிற கூடாது, சேத்து குடிக்கறதா இருந்தாலும் டாக்டர்ட்ட சொல்லிட்டு தான். ஏற்கனவே பிரஷர் எறங்கி தலை சுத்துறவர் இவரு.

பல்லடம்_தறிக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மெஷின் வாங்கிட்டேன், இன்னிக்கு காலைல 68.4. எம்.ஆர்.ஐ எடுக்கலைங்க. ஒண்ணு கேக்கணும், எங்கப்பா 50 வயசுல தூக்கத்துலயே போய்ட்டாருங்க, அட்டாக்குன்னு தான் ஊர்ல சொன்னாங்க, யாரும் ஒண்ணும் பாக்கல. டாக்டர் கேட்டப்ப அது ஞாபகத்துக்கே வரல. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

எக்கோ_ரூம்:
இருக்கலாம் அண்ணா, உடனே சொல்லுங்க. இந்த நோய் குடும்பத்துல ஓடறது உண்டு, அப்ப காரணம் தெரியாததுன்னு எழுதினதே மாறலாம், ஜீன் டெஸ்ட் பத்தியும் பேசுவாங்க. கூடப் பொறந்தவங்க, புள்ளைங்க எல்லாருக்கும் ஒரு எக்கோ, ஒரு இ.சி.ஜி எடுத்துருங்க. நார்மல்னு வந்தாலும் சில வருசத்துக்கு ஒரு தடவ திரும்ப பாக்கணும்.

பல்லடம்_தறிக்காரன்:
தம்பி பக்கத்து தறிலயே ஓட்டறானுங்க, அவனுக்கும் கொஞ்ச நாளா இருமல். நாளைக்கு காலைல கூட்டிட்டு போறேன்.