சின்னத் தீவுக்கு ஒருநாள் படகுப் பயணம்: அம்மாவோடு கடைசிப் படகில் திரும்பலாமா?

அலைவாசி:

வணக்கம். அடுத்த வாரம் ஒரு சின்னத் தீவுக்குப் போய்விட்டு அன்றே திரும்பலாம் என்று இருக்கிறோம். படகில் முக்கால் மணி நேரம். நான், மனைவி, 6 வயதுப் பையன், 65 வயது அம்மா. தீவைச் சுற்றி வந்தாலே 3 கிலோமீட்டர்தான் இருக்கும். ஒரு பக்கம் பாறை, மேலே பழைய கலங்கரை விளக்கம், இன்னொரு பக்கம் மணல்திட்டு ஒன்று கடலுக்குள் நீண்டு போகிறதாம், அதில் நடக்க வேண்டும் என்று பையன் இப்போதே குதித்துக்கொண்டிருக்கிறான். என் திட்டம் என்னவென்றால், அவசரப்படாமல் பத்தரை மணிப் படகில் போய், நாள் முழுக்க இருந்துவிட்டு, 5 மணிக்குக் கிளம்பும் கடைசிப் படகில் சூரியன் சாய்வதைப் பார்த்துக்கொண்டே திரும்புவது. அம்மாவுக்குத்தான் பஸ்ஸில் இரண்டு வளைவு திரும்பினாலே வயிற்றைப் புரட்டும். "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்ல இருக்கேன்" என்கிறார், விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. இப்படிப் போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நான் என்ன மறந்திருக்கிறேன்?

கரையேறி:

உங்கள் திட்டத்தை அப்படியே தலைகீழாக்கிவிடுங்கள். காலையில் இருக்கிற முதல் படகில் போங்கள், மதியம் தாண்டியதும் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் கரை சீக்கிரம் சூடாகும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. கரைமேல் இருக்கிற காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று ஓடி வரும். இந்தக் கடற்காற்று பெரும்பாலும் முற்பகலில் மெல்லத் தொடங்கி, பிற்பகலில்தான் முழு பலத்தோடு வீசும். காலை 7 மணிக்குத் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்த அதே தண்ணீர், 4 மணிக்கு வெள்ளை நுரை கட்டிக்கொண்டு நிற்கும். போகும்போது இருந்த கடல்தான் வரும்போதும் இருக்கும் என்று நினைத்துத்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் அதில் ஒருவன்.

கடைசிப் படகை நம்பவே நம்பாதீர்கள். அதற்கு முந்தையது தவறினால் கடைசிப் படகு இருக்கிறது. கடைசிப் படகே வரவில்லை என்றால்? ஒருமுறை காற்று கூடிவிட்டது என்று எங்களுக்கு அது வரவே இல்லை. ஒரு பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்தபடியே ராத்திரியைக் கழித்தோம், கொசுவைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம். படகுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வராததுதான் சரி. கடைசிப் படகையே நம்பி உட்கார்ந்திருந்த எங்கள்மேல்தான் தப்பு.

நிழல்தேடி:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் நான் கொஞ்சம் முரண்படுகிறேன். நடுப்பகலில் தீவு அழகாகவே இருக்காது. உச்சி வெயிலில் பாறை, மணல் எல்லாம் வெளுத்துப்போய்த் தட்டையாகத் தெரியும். சாயங்காலம் 4 மணிக்கு மேல்தான் பாறைக்கு நிறமே வரும். நான் எப்போதும் கடைசிப் படகுதான், இரண்டு தடவை தலை முதல் கால் வரை நனைந்திருக்கிறேன், கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் நான் தனி ஆள். குழந்தையும் வயதானவரும் கூட இருந்தால் அந்த விளையாட்டு வேண்டாம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் படகில் போனால் காலை வெளிச்சம் கிடைக்கும், அதுவும் மோசமில்லை.

தலைசுற்றி:

அம்மா விஷயத்துக்கு மட்டும் பதில், ஏனென்றால் நானே அந்த ரகம். குமட்டல் வயிற்றிலிருந்து வருவதில்லை. உள்காது "ஆடுகிறாய்" என்கிறது, படகுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் "இல்லையே, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய்" என்கிறது, இரண்டுக்கும் நடுவில் மூளை குழம்பிப்போய் வயிற்றின் மேல் பழியைப் போடுகிறது. அதனால் கண்ணுக்கும் அந்த ஆட்டம் தெரிய வேண்டும். தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்க்கச் சொல்லுங்கள். போன் பார்க்கக் கூடாது, பைக்குள் குனிந்து எதையாவது தேடக் கூடாது, அந்தப் பத்து நொடி போதும், எல்லாம் முடிந்தது.

இடமும் முக்கியம். முன்பக்கம்தான் காட்சி நன்றாக இருக்கும் என்று எல்லோரும் அங்கே ஓடுவார்கள், ஓடட்டும். படகு அதிகமாகத் தூக்கிப் போடுவது அங்கேதான். நடுவிலோ கொஞ்சம் பின்னாலோ, தாழ்வான இடத்தில் உட்கார வையுங்கள். ஆனால் எஞ்சின் புகை முகத்தில் அடிக்கிற இடமாக இருக்கக் கூடாது, அலை செய்யாததை டீசல் வாடை செய்துவிடும்.

மாத்திரை போடுவதாக இருந்தால், படகு ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை, பெரும்பாலானவற்றைக் கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்தம், புராஸ்டேட் பிரச்சினை உள்ளவர்களுக்கு இதில் சில மாத்திரைகள் ஆகாது, அம்மா வேறு மருந்து எதுவும் எடுக்கிறார் என்றால் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். பையனுக்கும் அப்படித்தான், பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். அப்புறம், வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, வயிறு முட்டவும் கூடாது.

பழைய துடுப்பு:

தம்பி, எல்லோரும் காற்றைப் பற்றியே பேசுகிறார்கள், தண்ணீர் ஏறி இறங்குவதை யாரும் சொல்லவில்லையே. மணல்திட்டு என்கிறீர்கள், அது எப்போதும் வெளியே தெரிவதா, தண்ணீர் வற்றும்போது மட்டும் தெரிவதா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்குச் சுமார் 6 மணி நேரம். நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

இன்னொன்று, தண்ணீர் ஒரே சீராக ஏறாது. முதல் ஒரு மணி நேரம் ஏறுவதே தெரியாது, மூன்றாவது நான்காவது மணியில்தான் விறுவிறுவென்று வரும். திட்டின் நுனியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால், நடுவில் இருக்கிற பள்ளம் முதலில் நிறைந்து வழி அறுந்திருக்கும். நுனி காய்ந்துதான் இருக்கும், அதுதான் ஏமாற்றுவது. தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே திட்டில் கால் வையுங்கள், வற்றம் முடிகிற நேரத்தில் திரும்பத் தொடங்கிவிடுங்கள். சில ஊர்களில் ஏற்றவற்றம் ஒரு சாண் கூட இருக்காது, அப்படிப்பட்ட இடம் என்றால் நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

பையனுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டதும் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அவனுக்குப் பெரியது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பையன் அதற்குள்ளிருந்து நழுவிவிடுவான். கால் இடுக்கு வழியாக வரும் பட்டை இருந்தால் அதையும் மாட்டுங்கள், கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

கரையேறி:

துடுப்பு ஐயா சொன்னதோடு ஒரு வரி. காற்று அடிப்பதால் வெயில் சுடுவது தெரியாது, தண்ணீரிலிருந்து வேறு எதிரொளித்து அடிக்கும். மேகமாக இருக்கிறதே என்றும் விடாதீர்கள். எனக்கு ஒருமுறை நாடிக்குக் கீழே தோல் உரிந்தது, தொப்பி போட்டிருந்தும்.

அலைவாசி:

எல்லோருக்கும் நன்றி, போய் வந்தாயிற்று. ஏழரை மணிப் படகில் போனோம். அம்மாவை நடுவில், கூரைத் தூண் பக்கத்தில் உட்காரவைத்தோம். டாக்டர் சொன்ன மாத்திரையை முன்கூட்டியே போட்டிருந்தார். அந்த வானக்கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை, பேரன் "பாட்டி இங்க பாரு" என்று கூப்பிட்டதற்குக்கூடத் திரும்பாமல் "நீயே பாரு" என்றார். ஒன்றும் ஆகவில்லை. முதலில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தேன், நேராகப் பையன் மூக்கு வரை வந்தது. கேட்டு வேறு வாங்கினேன்.

மணல்திட்டுக்காக ஏற்றவற்ற அட்டவணை எடுத்துப் பார்த்தேன், வற்றம் பன்னிரண்டரைக்கு. பதினொன்றரைக்கே இறங்கி நடந்தோம், அருமையாக இருந்தது, கணுக்காலைத் தொடக்கூடத் தண்ணீர் இல்லை. ஒன்றேகாலுக்குப் படகுத்துறைக்கு வந்தபோதுதான் புத்தி வந்தது. காலையில் துறை மேடைக்குச் சமமாக நின்ற படகு இப்போது எனக்கு நெஞ்சளவு ஆழத்துக்குக் கீழே கிடக்கிறது. காலையில் தண்ணீருக்குள் மூழ்கியிருந்த படிகள் எல்லாம் வெளியே வந்து பச்சைப் பாசியோடு பளபளக்கின்றன. படகுப் பையன்கள் இரண்டு பேர் கீழே நின்று கையை நீட்ட, நான் மேலிருந்து பிடித்துக்கொள்ள, அம்மா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். புடவையெல்லாம் பாசி. அலையில் வராத கோபம் அங்கே வந்துவிட்டது.

பழைய துடுப்பு:

அடடா, அதை நான் சொல்லியிருக்க வேண்டும். மிதவைத்துறையாக இருந்தால் படகோடு சேர்ந்து அதுவும் இறங்கிவிடும் என்பதால் எனக்குத் தோன்றவில்லை. உங்களுடையது கல்துறையா?

அலைவாசி:

கல்துறைதான் ஐயா. இன்னும் இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்திருந்தால் தண்ணீர் ஏறிப் பாதிப் படிகளாவது மூழ்கியிருக்கும், ஆனால் அதற்குள் காற்றும் ஏறியிருக்கும். அம்மாவிடம் கேட்டேன், அடுத்த முறை எது என்று. "படியைக் கழுவச் சொல்லு" என்றார்.