சின்ன வீடுகளுக்கும் 3டி மாடல் தேவையா? ரெவிட் படிக்கலாமா, ஸ்கெட்ச்அப் போதுமா?

ஊமச்சிகுளம் சிவில்

மதுரையில் நானும் ஒரு டிராஃப்ட்ஸ்மேனும் மட்டும் இருக்கிற சின்ன ஆபீஸ். மூன்று சென்ட், நாலு சென்ட் மனையில் தனி வீடுகள்தான் பெரும்பாலும், எப்போதாவது கீழே கடை மேலே வீடு என்று ஒன்று வரும். பன்னிரண்டு வருஷமாக ஆட்டோகேட்டில்தான் (கம்ப்யூட்டரில் கோடு போட்டு வரைகிற சாஃப்ட்வேர்) வரைகிறோம். போன மாசம் நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் சரியாகத் தூக்கமே இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஊமச்சிகுளம் பக்கம் ஒரு மாடி வீடு. தளத்துக்குத் தளம் பத்தரை அடி, படி உயரம் 7 அங்குலம், மொத்தம் 18 படி. மாடியில் படுக்கையறை சிறிதாக இருக்கிறது, படிக்கட்டுப் பக்கம் 3 அடி நீட்டிக் கொடுங்கள் என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்கள். மாடி பிளானில் சுவரை நகர்த்தினேன், அதன் கீழே வரும் பீமையும் நகர்த்தினேன், கம்பிப் படத்திலும் மாற்றினேன். கீழ்த்தளப் பிளானில் மாற்ற எதுவும் இல்லை என்று நினைத்து அதைத் திறக்கவே இல்லை. கான்கிரீட்டைத் தாங்கிய முட்டெல்லாம் எடுத்த அன்றைக்கு மேஸ்திரி படியேறிப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்: "சார், ஆறாவது படியில தல முட்டுது." ஓடிப்போய் டேப் வைத்துப் பார்த்தால் படிக்கும் பீமின் அடிக்கும் நடுவே 5 அடி 9 அங்குலம்தான் இருக்கிறது. நீட்டிய பகுதியை வெட்டி எடுத்து, பழைய இடத்தில் புதிதாக பீம் போட்டோம். செலவு முழுக்க என்னுடையது. பணத்தைவிட, புது வீட்டில் கான்கிரீட்டை உடைக்கிற சத்தத்தை அந்த அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை.

இனி கம்ப்யூட்டரில் வீட்டின் 3டி மாடல் போடாமல் வேலை எடுப்பதில்லை என்று இருக்கிறேன். ஆனால் எதில் ஆரம்பிப்பது? மாடல் போடும் சாஃப்ட்வேரில் ரெவிட் என்றால் வருஷச் சந்தா எங்கள் மாதிரி ஆபீஸுக்குக் கட்டுமா, ஸ்கெட்ச்அப் போதுமா, இலவசமாக உருப்படியாக ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று, என் மேஸ்திரிகள் பேப்பரைத்தான் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் நான் என்ன சுற்றிக் காட்டினாலும் மறுநாள் காலையில் சைட்டில் அது உதவுமா?

நாகமலை ஸ்ட்ரக்சரல்

தம்பி, இந்தத் தப்பு சாஃப்ட்வேர் இல்லாததால் வந்ததில்லை. படிக்கட்டு வழியாக ஒரு செக்‌ஷன் (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்க்கிற படம்) வெட்டியிருந்தால் பென்சிலிலேயே தெரிந்திருக்கும். நீங்களும் செக்‌ஷன் வரையாமல் இருந்திருக்க மாட்டீர்கள். ஆரம்பத்தில் ஒன்று வரைந்து அப்ரூவலுக்குக் கொடுத்திருப்பீர்கள், அதற்கு அப்புறம் பிளான் நாலு தடவை மாறியிருக்கும், செக்‌ஷன் மட்டும் முதல் நாள் வரைந்தபடியே கிடந்திருக்கும். ஆட்டோகேட்டில் பிளானில் இருக்கிற சுவர் வேறு கோடு, செக்‌ஷனில் இருக்கிற சுவர் வேறு கோடு, ஒன்றுக்கு நேர்ந்தது மற்றதற்குத் தெரியாது. ரெவிட், ஆர்க்கிகேட் இரண்டிலும் சுவர் என்று ஒன்றுதான் இருக்கும், பிளான், செக்‌ஷன், அளவுப் பட்டியல் எல்லாம் அந்த ஒன்றிலிருந்தே எடுக்கப்படுகிறவை. மாடியில் 3 அடி தள்ளினால் செக்‌ஷனிலும் அந்த நிமிஷமே தள்ளியிருக்கும். நீங்கள் வாங்கப்போவது இந்தத் தொடர்பைத்தான். அழகான படம் வேண்டுமென்றால் அதற்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

அந்த படிக்கட்டுக்கு உடைக்காமலே ஒரு வழி இருந்திருக்கிறது, அடுத்த தடவைக்குச் சொல்கிறேன். பீமுக்கு மேலே படுக்கையறைச் சுவர்தானே வருகிறது? பீமைத் தலைகீழாக, ஸ்லாபுக்கு (கான்கிரீட் தளம்) மேலே எழும்புகிற மாதிரி டிசைன் செய்திருந்தால் அது சுவருக்குள்ளேயே மறைந்திருக்கும், கீழே உங்களுக்கு 10 அங்குலம் மிச்சம். நீட்டலையும் 3 அடிக்குப் பதிலாக ஒன்றரை அடியாக நிறுத்தியிருந்தால் பீம் நாலாவது படிக்கு மேல் வந்து 7 அடி 9 அங்குலம் கிடைத்திருக்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு படிக்கட்டு லேண்டிங்குக்கு (நடுவே நின்று திரும்பும் மேடை) அடியில் நடக்கிற வழிக்கே குறைந்தது 2.2 மீட்டர் கேட்கிறது, 7 அடி 9 அங்குலம் அதற்கும் மேலே. ஆனால் இந்த யோசனையெல்லாம் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் வர வேண்டும், வர வேண்டுமென்றால் முட்டுவது முன்னாலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கொத்தனார் மகள்

அண்ணா, நான் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு ரெவிட்டில் மாடல் போடும் வேலையில் ஏழு வருஷமாக இருக்கிறேன். அப்பா மேலூர் பக்கம் முப்பது வருஷமாகக் கொத்தனார். அதனால் உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாடலை லேப்டாப்பில் சுற்றிக் காட்டினால் மேஸ்திரி தலையாட்டுவார், வேலைக்கு அது ஆகாது. அவருக்கு அன்றன்றைக்குச் செய்யப்போகிற வேலைக்கு ஒரு ஏ3 தாள் வேண்டும், அதில் அடி அங்குலத்தில் அளவு, ஓரத்தில் அந்த இடத்தின் 3டி படம் சின்னதாக. நான் எங்கள் சொந்த வீட்டுக்கு இப்படித்தான் செய்தேன், அப்பாவே கட்டினார். முதல் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அளவ எங்கேயிருந்து எங்கே பிடிச்சிருக்க?" என்றுதான் கேட்டார். அது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரெவிட்டில் சுவர் என்பது அடுக்கடுக்காக இருக்கும்: உள்ளே பூச்சு, நடுவில் 9 அங்குலச் செங்கல், வெளியே பூச்சு. கவனிக்காமல் விட்டால் அளவு பூச்சின் மேல்முகத்திலிருந்து விழுந்துவிடும். கொத்தனார் கட்டும்போது பூச்சு எங்கே இருக்கிறது? அவர் செங்கல் முகத்துக்குத்தான் நூல் பிடிப்பார். இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் பூச்சு என்றால் அறை ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் போய்விடும், அப்புறம் அளவெடுத்து வாங்கிய அலமாரி உள்ளே போகாது. கட்டுகிற தாளில் அளவு செங்கல் முகத்திலிருந்து, டைல்ஸ் தாளில் பூச்சு முகத்திலிருந்து. இதை மட்டும் முதல் நாளே பழக்கிக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் விஷயம். ஸ்கெட்ச்அப் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும், வீட்டுக்காரரிடம் பேச அதைவிட நல்லது இல்லை. ஆனால் வரைகிற ஒவ்வொன்றையும் குரூப்பாக்கிவிட வேண்டும், இல்லையென்றால் சுவரும் தரையும் ஒட்டிக்கொண்டு ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் கூட வரும். இணையத்தில் ஓடுகிற இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், சம்பளம் வாங்கும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. ரெவிட் மாணவர் உரிமமும் அப்படியே. ரெவிட்டில் எல்டி என்று விலை குறைந்த பதிப்பு ஒன்று இருக்கிறது, ஒரே மாடலில் பலபேர் சேர்ந்து வேலை செய்யும் வசதி அதில் கிடையாது, இரண்டு பேர் ஆபீஸுக்கு அது பெரிய குறை இல்லை. இலவசம்தான் வேண்டும் என்றால் ஃப்ரீகேட் பாருங்கள், 2024-ல் வந்த 1.0 பதிப்பிலிருந்து கட்டட மாடலுக்கான பகுதி உள்ளேயே சேர்ந்து வருகிறது. பிளெண்டருக்கு போன்சாய் என்று ஒரு கூடுதல் நிரல் இருக்கிறது, அதுவும் இலவசம், நேராக ஐஎஃப்சி கோப்பிலேயே வேலை செய்யும். ஐஎஃப்சி என்பது எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொதுவான கோப்பு வடிவம், ஐஎஸ்ஓ 16739 என்ற தரம், ஒரு சாஃப்ட்வேரில் போட்ட மாடலை இன்னொன்றில் திறக்க அதுதான் வழி. ரெவிட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு: புதுப் பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. நீங்களும் உங்கள் ஸ்ட்ரக்சரல் சாரும் ஒரே வருஷப் பதிப்பா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 8 ஜிபி ராம் இருக்கிற கம்ப்யூட்டர் என்றால் ஆசைப்படாதீர்கள், 16 ஆவது வேண்டும்.

ஊமச்சிகுளம் சிவில்

ரொம்ப நன்றி தங்கச்சி, நாகமலை சாருக்கும் நன்றி. தலைகீழ் பீம் யோசனையை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: மாடலிலிருந்து கான்கிரீட் அளவு தானாக வந்துவிடும் என்கிறார்களே, அதை நம்பி ரெடிமிக்ஸ் (கலந்தே லாரியில் வரும் கான்கிரீட்) சொல்லலாமா?

கொத்தனார் மகள்

முதல் மூன்று வீட்டுக்கு நம்ப வேண்டாம் அண்ணா, கையாலும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மாடல் நீங்கள் வரைந்ததை எண்ணும், வரைந்த விதம் தப்பென்றால் அதையும் சேர்த்து எண்ணும். 9-க்கு 15 (அங்குலத்தில் அகலம், ஆழம்) பீம் என்று முழு ஆழத்துக்கும் போட்டுவிட்டு, அதன் மேலேயே 5 அங்குல ஸ்லாபையும் ஓடவிட்டால், இரண்டும் சேர்கிற இடம் இரண்டு கணக்கிலும் விழும். பீம் மொத்தம் 200 அடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 200 பெருக்கல் முக்கால் அடி பெருக்கல் 5 அங்குலம், 62 கன அடிக்கு மேல் வந்துவிட்டது, கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் கன மீட்டர். லாரி வந்து நின்ற பிறகு அந்த மிச்சக் கான்கிரீட்டை எங்கே கொட்டுவது? ரெவிட்டில் பீமும் ஸ்லாபும் இணைந்திருக்கிறதா என்று செக்‌ஷனில் பாருங்கள், நடுவில் கோடு தெரிந்தால் இணையவில்லை.

கரிசல்காடு

திருமங்கலம் பக்கம் வேலை செய்கிறவன். மேலே சொன்ன எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மாடல் மேல் கோபமே உண்டு. அதில் தரை ஒரு தட்டைப் பலகையாக இருக்கும், வீடு அதன் மேல் அழகாக உட்கார்ந்திருக்கும். எங்கள் பக்கம் கரிசல் மண். மழைக்கு உப்பும், சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு என்ன நிரப்புவது என்பதைக் குழி வெட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். மாடலில் ஃபூட்டிங் (அஸ்திவாரத்தின் அடிப்பகுதி) வரைந்திருக்கிறதே என்று மண் சோதனையை விட்டுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், கண்ணில் காண்பதெல்லாம் முடிவான விஷயம் மாதிரி தோன்றுவதால் வருகிற வினை. குறைந்தது மனையின் நாலு மூலை மட்டம், ரோட்டு மட்டம், சாக்கடை மட்டம் இவற்றையாவது தண்ணீர் டியூப் மட்டம் வைத்து எடுத்து மாடலில் ஏற்றுங்கள். கக்கூஸ் குழாய்க்குச் சரிவு கிடைக்குமா கிடைக்காதா என்பது அதில் தெரிந்துவிடும்.

வடக்குமாசி வீதிக்காரி

நான் ஆர்க்கிடெக்ட், கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற வேலை அதிகம். மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருப்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தவறுகிற இடம் எது தெரியுமா? தளத்துக்கு 10 அடி என்று மூன்று தளம் போட்டால் 30 அடி, 9 மீட்டரோ 29 அடி 6 அங்குலம்தான். அங்கேயே தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு தளத்திலும் டைல்ஸுக்கும் கலவைக்கும் 2, 3 அங்குலம் ஏறும். மாடலில் லெவல் வைக்கும்போதே ஸ்லாப் மட்டம் வேறு, முடிந்த தரை மட்டம் வேறு என்று இரண்டாக வையுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

பழைய வீடு என்றால் இன்னொன்று. மனை ஒருபோதும் சதுரமாக இருக்காது. நீளம் அகலம் மட்டும் எடுத்து மாடலில் 90 டிகிரிக்குப் போட்டால் கடைசி அறையில் அரை அடி காணாமல் போகும், குறுக்களவு இரண்டையும் கட்டாயம் எடுங்கள். 2020-லிருந்து வருகிற ஐபோன் புரோவில் லைடார் (ஒளியால் தூரம் அளக்கும் கருவி) இருக்கிறது, அறையைச் சுற்றி நடந்தால் வடிவம் வந்துவிடும். எது எங்கே இருக்கிறது என்று நினைவு வைக்க அருமையான வசதி. மரவிட்டம் உட்காருகிற இடத்துக்கு மட்டும் நான் டேப்பைத்தான் நம்புகிறேன்.

மாடல் போடுகிறீர்கள் என்றால் வெயிலையும் பார்த்துவிடுங்கள், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. ஊரை மதுரை என்று மாற்றி, வடக்கைச் சரியாக வைத்துவிட்டு ஏப்ரல் கடைசி மதியத்தை ஓட்டிப் பாருங்கள். நாம் இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சம், அதனால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும். வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் எதற்கு என்று கேட்கிற வீட்டுக்காரருக்கு நான் இந்த நிழலைத்தான் காட்டுவேன். மேற்குச் சுவரில் மூன்று மணிக்கு மேல் விழுகிற வெயிலுக்கு சன்ஷேட்டும் போதாது, படிக்கட்டையோ குளியலறையையோ அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

ஊமச்சிகுளம் சிவில்

சரி, முடிவு செய்துவிட்டேன். எல்டி ஒரு வருஷத்துக்கு வாங்குகிறேன், டிராஃப்ட்ஸ்மேன் தம்பியையும் கூட உட்கார வைத்துப் படிக்கிறேன். ஒத்தக்கடையில் அடுத்த வீடு ஆவணியில் தொடங்குகிறது, அதை முழுக்க மாடலில் போட்டுவிட்டுத்தான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது. தங்கச்சி, படிக்கட்டுத் தாளை மட்டும் எப்படிக் கொடுப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

கொத்தனார் மகள்

1-க்கு 20 ஸ்கேலில் ஏ3-யில் ஒரு செக்‌ஷன். ஒவ்வொரு படிக்கும் 7, 7, 7 என்று எழுதாதீர்கள், தரையிலிருந்து 7, 14, 21, 28 என்று கூட்டிக்கொண்டே போய் மேல் தளத்தில் 126 என்று முடியுங்கள். தனித்தனியாக அளந்தால் படிக்குக் கால் அங்குலம் பிசகினாலே மேலே போகும்போது நாலு அங்குலம் தவறும், அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். ஹாலில் தரை 3 அங்குலம் ஏறும், படியில் கிரானைட்டும் கலவையும் ஒன்றரைதான் ஏறும், அதனால் முதல் படி ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிடும். சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றும் அச்சு) அடிக்கும்போதே முதல் படியை எட்டரையாக வைத்து, அதற்கு மேலே வருகிற அளவுகளிலும் அந்த ஒன்றரையைச் சேர்த்து எழுதுங்கள். மேல் தளத்திலும் தரை 3 அங்குலம் ஏறுகிறதா என்று பார்த்துக் கடைசிப் படியை அதற்குத் தகுந்த மாதிரி குறையுங்கள். பீமின் அடியிலிருந்து நேர் கீழே இருக்கிற படிக்கு ஒரு கோடு இறக்கி, அந்த உயரத்தைச் சிவப்பில் எழுதுங்கள்.