ரஃபேலைப் பார்த்து வரைகிறேன், முகம் மட்டும் சேறாகிறது

கேள்வி:
ஆயில் பெயிண்டில் முகம் வரையப் பழக, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும், ரஃபேல் வரைந்த காஸ்திக்லியோனே என்பவரின் உருவப்படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். கோட்டுப்படம் நன்றாகவே வந்தது. அம்பர் என்ற மண் பழுப்பு நிறத்தில் நிழல்களைப் போட்டு, மறுநாளே மேலே தோல் நிறம் பூசினேன், பூசப்பூசக் கன்னமும் நெற்றியும் சேற்று நிறமாகிவிட்டன. நிழலுக்குக் கறுப்பு கலந்தது தப்பா? இல்லை, புதிதாகப் பழகுபவருக்கு இந்த ஓவியமே அதிகமா?

பதில் 1:
ஓவியத்தை மாற்றாதீர்கள். உடை முழுக்கக் கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாக அடங்கி இருப்பதால் நிறத்துக்கான உழைப்பெல்லாம் முகத்துக்கே போகும். பெரிய ஓவியர் ரூபன்ஸே இதைப் பார்த்து வரைந்திருக்கிறார், ரெம்பிராண்ட் 1639-ல் ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் இதைக் கண்டு ஒரு சிறு கோட்டுப்படம் எடுத்துக்கொண்டார்.

உங்கள் அடிவண்ணம் காயவில்லை என்று நினைக்கிறேன். ஆயில் பெயிண்டில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் இறுகும். அம்பர் மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் காயும், ஆனால் தடிமனாகப் பூசியிருந்தால் ஒரு நாள் போதாது. அடியில் பெயிண்டை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் விட்டு மெல்லியதாகப் பூசுங்கள், மேலே போகப்போகத்தான் எண்ணெய் கூட வேண்டும். விரலால் தொட்டுப் பாருங்கள், ஒட்டினால் காத்திருங்கள்.

பதில் 2:
கறுப்பைக் குறை சொல்ல வேண்டாம். ஐவரி பிளாக் என்ற கறுப்பு பெயிண்டில் வெள்ளை சேர்த்தால் லேசாக நீலம் தட்டும் ஒரு சாம்பல் கிடைக்கும், வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற தாடை ஓரத்துக்கு அது அருமையாகப் பொருந்தும். டைட்டானியம் வெள்ளையில்தான் கவனம் தேவை, கொஞ்சம் கூடினாலும் தோல் சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும். ரஃபேல் காலத்து ஈய வெள்ளை அவ்வளவு அழுத்தமானதல்ல, ஆனால் அது நஞ்சு, பழகும்போது வேண்டாம்.

இன்னொன்று, பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். நிறங்களைப் பலகையிலேயே கலந்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்து, சந்திக்கும் இடத்தை மட்டும் ஒரு தடவை வருடிவிட்டு நிறுத்துங்கள். புகைப்படத்துக்குப் புகைப்படம் நிறம் மாறும், அதனால் கண்ணைச் சுருக்கிப் பார்த்து வெளிச்சம் எவ்வளவு, இருட்டு எவ்வளவு என்பதை முதலில் பிடியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
தொட்டேன், மூக்கு நிழலில் விரலில் அப்படியே வந்துவிட்டது! கன்னத்தையும் நெற்றியையும் கத்தியால் சுரண்டி எடுத்தாயிற்று. நல்லவேளை, கண்களை இன்னும் தொடவில்லை. அம்பர் காயும் வரை தனித் துண்டு கான்வாஸில் தாடை ஓரத்தை மட்டும் அந்தச் சாம்பல் வைத்துப் போட்டுப் பார்க்கிறேன்.