விண்வெளிக்குப் போகணும் என்கிறாள் மகள், இப்போதே என்ன பழக்கலாம்?

தெம்பனிஸ்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் உயர்நிலை மூன்று (15 வயது) படிக்கிறாள். 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனதிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். கணக்கும் இயற்பியலும் நன்றாகச் செய்கிறாள், துணைப்பாட வகுப்புக்கும் போகிறாள். ஆனால் கிட்டப்பார்வைக் கண்ணாடி நானூறு டிகிரி (மைனஸ் நான்கு), நீச்சல் ஏதோ சுமாராக வரும், புது ஆட்களிடம் வாயே திறக்கமாட்டாள். அவள் அப்பா “முதலில் தொடக்கக் கல்லூரிக்குப் போகட்டும்” என்று முடித்துவிடுகிறார். சிரிக்காமல் சொல்லுங்கள், படிப்பைத் தவிர இந்த வயதில் எதைப் பழக்கினால் பின்னால் உதவும்?

யீஷூன்வாசி:
அக்கா, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாசாவுக்கு விண்ணப்பிக்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், ஐரோப்பிய விண்வெளி அமைப்புக்கு அதன் உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும். சிங்கப்பூர் 2022ல் ஆர்டெமிஸ் உடன்பாட்டில் (அமெரிக்கா முன்னின்று நடத்தும் விண்வெளி ஒத்துழைப்பு உடன்பாடு) கையெழுத்திட்டது, நம் செயற்கைக்கோள்கள் ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகின்றன, ஆனால் ஆள் அனுப்புவது வேறு கதை. பக்கத்தில் மலேசியாவைப் பாருங்கள், ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தோடு ஒட்டி வந்த இடத்தில்தான் 2007 அக்டோபரில் ஷேக் முஸாபர் போனார். அவர் எலும்பு மருத்துவர், விமானி இல்லை. வாய்ப்பு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. குடியுரிமை இருந்தாலும் போட்டி பயங்கரம், 2025ல் நாசாவுக்கு 8,000 பேருக்கு மேல் போட்டார்கள், எடுத்தது 10 பேர். அதனால் தேர்வாகாவிட்டாலும் சோறு போடுகிற திறனாகப் பார்த்துப் பழக்குங்கள்.

ஸ்பானர்_மணி:
சிலேத்தாரில் விமானப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். கண்ணாடிக்குக் கவலை வேண்டாம், கண்ணாடி போட்டுத் திருத்தினால் 20/20, அதாவது இயல்பான பார்வை கிடைக்கிறது என்றால் நாசாவுக்குப் போதும், லேசர் சிகிச்சையையும் ஏற்கிறார்கள்.

நான் சொல்வது கைவேலை. விண்வெளி நிலையத்தில் ஆராய்ச்சி மட்டும் நடக்கிறது என்று நினைக்கிறோம், கழிப்பறை பம்ப் மாற்றுவதும் வடிகட்டி சுத்தம் செய்வதும் வீரர்கள்தான். 2008ல் ஒரு வீராங்கனை நிலையத்துக்கு வெளியே வேலை செய்யும்போது கருவிப் பைக்குள் கிரீஸ் கசிந்து, அதைத் துடைத்துக்கொண்டிருக்கையில் பை முழுவதும் கைநழுவி மிதந்து போய்விட்டது. எங்கள் கூடத்திலும் வேலைக்கு முன்னும் பின்னும் கருவிகளை எண்ணுவோம், ஒரு ஸ்பானர் குறைந்தால் விமானம் நகராது. வீட்டில் மின்விசிறியோ சைக்கிளோ கெட்டால் கையேட்டைக் கொடுத்து அவளையே பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுப் படித்து, செய்து, குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகணும். இந்தப் பொறுமை நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடம்தான் குறைவு, ‘எனக்குத் தெரியும்’ என்று நாலு படி தாண்டிவிடுவார்கள்.

ஹந்து_மீன்:
நீச்சலைச் சுமாராக விடாதீர்கள். நாசாவில் சேர்ந்தவர்கள் விமானிகளின் முழு உடையும் காலணியும் போட்டுக்கொண்டே 25 மீட்டர் குளத்தை நிற்காமல் மூன்று தடவை கடக்கணும், பத்து நிமிடம் மிதந்து நிற்கணும். வெளிநடைப் (விண்கலத்துக்கு வெளியே வந்து வேலை செய்வது) பயிற்சியே 12 மீட்டர் ஆழக் குளத்தில்தான், அதனால் ஸ்கூபாவும் (காற்றுக் கலனோடு நீருக்கடியில் நீந்துவது) கட்டாயம்.

அவள் வயதுக்கு ஸ்கூபா சான்றிதழ் எடுக்கலாம். நான் சொல்லிக்கொடுக்கும்போது எல்லாரும் பயப்படுவது ஒரே பயிற்சிக்குத்தான்: முகமூடிக்குள் தண்ணீரை விட்டு, மூக்கு நனைந்திருக்க, வாயால் மட்டும் மூச்சு விட்டபடி அதை வெளியேற்றணும். முதல் தடவை பாதிப் பேர் மேலே ஓடப் பார்ப்பார்கள். 2013ல் இத்தாலிய வீரர் லூகா பார்மிட்டானோ வெளிநடையில் இருந்தபோது தலைக்கவசத்துக்குள் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் புகுந்து கண், மூக்கு எல்லாம் மூடிவிட்டது. பாதுகாப்புக் கயிறு இழுக்கிற திசையை வைத்தே கதவுக்குத் திரும்பினார். அந்த நிதானம் புத்தகத்தில் வராது அக்கா. நம் புலாவ் ஹந்து தீவின் கலங்கல் தண்ணீரில் கூட்டாளியின் கால் துடுப்புகூடத் தெரியாமல் இறங்கிப் பார்த்தால் கொஞ்சம் வரும்.

பொங்கோல்_ரவி:
நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பாட்டி, தம்பிகளோடு ஒரே குளியலறைக்குச் சண்டை போடாமல் வளர்ந்திருந்தால் பாதிப் பயிற்சி முடிந்தது 😂

விளையாட்டு போகட்டும். தேர்வில் அவர்கள் நிஜமாகவே பார்ப்பது, ஆறு மாதம் ஒரே இடத்தில் அடைபட்டாலும் இவரோடு இருக்க முடியுமா என்பதைத்தான். புலாவ் உபின் தீவில் பள்ளி முகாம் உயர்நிலை மூன்றில்தானே வரும்? அங்கே தலைவியாக நிற்கணும் என்றில்லை. மழையில் கூடாரம் சரிந்து எல்லாரும் சிடுசிடுக்கும்போது யார் வாயை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள், அந்த ரகம்தான் வேண்டும். கூச்ச சுபாவம் குறையே இல்லை. ஆனால் தவறு கண்ணில் பட்டால் பெரியவர்களிடமும் உரக்கச் சொல்லப் பழகணும். அப்புறம் ரஷ்ய மொழி, நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்கள் கற்கிறார்கள். அதற்கு அவசரமில்லை.

தெம்பனிஸ்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. மின்விசிறியைக் கொடுத்தாகிவிட்டது, அவள் அப்பா பக்கத்தில் நின்று கையைப் பிசைகிறார். ஹந்து_மீன், டிசம்பர் விடுமுறையில் மலேசியாவின் தியோமான் தீவில் வைத்து ஸ்கூபா முடித்துவிடலாமா?

ஹந்து_மீன்:
டிசம்பரில் வேண்டாம் அக்கா, வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிப்பாக இருக்கும், அங்கே பல தங்குமிடங்கள் மூடியிருக்கும். டிசம்பரில் இங்கே குளத்தில் நீச்சலைத் தேற்றுங்கள், மிதந்து நிற்பதை முக்கியமாக. தியோமானை ஜூன் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் மருத்துவப் படிவத்தில் வீசிங் இருந்ததா என்ற கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதச் சொல்லுங்கள்.