மலர்க் கட்டுரைக்குத் திருத்தம்: நெல்லைச் சீமை கைமாறியது ஒரே நாளில் அல்ல

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

ஆண்டு மலருக்கு வந்திருக்கும் கட்டுரை, கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்ததும் நெல்லைச் சீமை முழுக்கக் கும்பினிக்கு (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) போய்விட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அச்சுக்குப் போகுமுன் இதைத் திருத்தியாக வேண்டும். கோட்டை விழுந்தது 1801 மே 24. சீமையைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்த உடன்படிக்கை அதே ஆண்டு ஜூலை 31. ஆக, கோட்டை விழுந்தபோதும், அதற்கு முன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டபோதும், காகிதப்படி சீமைக்கு உடையவர் ஆற்காட்டு நவாபுதான். பாளையக்காரரிடம் நவாபு பேரால் பேஷ்குஷ், அதாவது கப்பம், வசூலிப்பதுதான் கும்பினிக்கு எழுத்தில் இருந்த உரிமை. இதைச் சொல்லாமல் விட்டால் நடந்த அநியாயத்தில் பாதி மறைந்துபோகும்.

அந்த உரிமை கடனில் இருந்து வந்தது. கும்பினிப் படைக்குக் கொடுக்க வேண்டிய பணம் நவாபு முகமது அலிக்கு ஏறிக்கொண்டே போயிற்று. ஹைதர் அலியோடு போர் நடந்த சமயம், 1781 டிசம்பர் 2 அன்று, ஆறில் ஒரு பங்கைத் தன் செலவுக்கு நிறுத்திக்கொண்டு கர்நாடக வருவாயைக் கும்பினி வசம் விட்டார். 1785இல் அது அவருக்கே திரும்பியது. நிலைத்து நின்றது 1792 ஜூலை 12 உடன்படிக்கை. படைச் செலவுக்கு ஆண்டுக்கு 9 லட்சம் வராகன் (அக்காலப் பொன் நாணயம்) நவாபு கட்ட வேண்டும்; பாளையக்காரர் பேஷ்குஷைக் கும்பினியே வசூலித்து அவர் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும். பட்டம் ஒருவருக்கு, படையும் வசூலும் இன்னொருவருக்கு. 1798இல் கும்பினிக் கலெக்டர் ஜாக்சன் துரை கட்டபொம்மனை ராமநாதபுரத்துக்கு வரச் சொன்னது இந்த வசூல் அதிகாரத்தை வைத்துத்தான்.

இதில் அயன் நிலம், அதாவது பாளையக்காரர் கையில் இல்லாமல் நேரே அரசுக்கு வரி கட்டிய நிலம், சேராது. தாமிரபரணிப் பாசனத்தில் பாளையத்துக்கு உட்படாத நஞ்சை ஊர்களின் நிர்வாகம் 1801 வரை நவாபு தரப்பிடமே இருந்தது. அந்த ஜூலை 15இல் நவாபு உம்தத்-உல்-உமரா இறந்தார். முகமது அலியும் உம்தத்-உல்-உமராவும் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார்கள் என்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, ஆட்சியை விட்டுக்கொடுக்கும்படி உம்தத்-உல்-உமராவின் மகன் அலி உசேனைக் கும்பினி கேட்டது. அவர் மறுத்தார். உறவினர் அசீம்-உத்-தௌலா சம்மதித்தார். அவருக்கே பட்டம் கட்டினார்கள். நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, ஆட்சி முழுவதும் கும்பினிக்கு.

இனி தூத்துக்குடி. கட்டுரையில் பெரிய பிழை இங்கேதான். நவாபு எழுதிக் கொடுத்ததில் தூத்துக்குடி டச்சுக் குடியிருப்பு அடங்காது. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்த இடம் அது. ஊரிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் சுவரில் டச்சுக் கும்பினியின் முத்திரை எழுத்துகளும் 1750 என்ற ஆண்டும் இன்றும் இருக்கின்றன. ஆங்கிலேயர் அதை 1782இல் பிடித்து 1785இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1795இல் மறுபடி பிடித்து 1818இல் மறுபடி கொடுத்தார்கள். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் அங்கே கோட்டையைப் பிடித்தபோது ஆங்கிலக் காவல் இருந்ததைப் பார்த்துத்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். போரில் பிடித்துவைப்பது வேறு, உரிமை மாறுவது வேறு.

உரிமை மாறியது 1824 மார்ச் 17 அன்று லண்டனில் கையெழுத்தான ஆங்கில-டச்சு உடன்படிக்கையால். 8ஆம் பிரிவின்படி இந்தியாவிலுள்ள டச்சுக் குடியிருப்புகள் எல்லாம் ஆங்கிலேயருக்கு. 9ஆம் பிரிவின்படி சுமத்ராவின் பெங்கூலன் டச்சுக்காரருக்கு, 10ஆம் பிரிவின்படி மலாக்கா ஆங்கிலேயருக்கு. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் இருப்பதற்குச் சொல்லிவந்த ஆட்சேபத்தை டச்சுக்காரர் கைவிட்டது 12ஆம் பிரிவு. சிங்கப்பூர், மலாக்காவில் இருக்கும் நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பிறந்த சீமையின் துறைமுகமும் பிழைக்கப் போன ஊரும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன.

ஒப்படைக்கக் குறித்த நாள் 1825 மார்ச் 1; தூத்துக்குடி கைமாறியது ஜூன் 1. விட்டுப்போன பீரங்கி, சரக்கு, வரிப் பாக்கி எதற்கும் இரு தரப்பும் உரிமை கோரக் கூடாது. குடிமக்கள் சொத்தை விற்றுக்கொண்டு வேறு நாட்டுக்குப் போக ஆறாண்டு தவணை. அது உடன்படிக்கை உறுதியான நாளிலிருந்து ஓடும், ஒப்படைத்த நாளிலிருந்து அல்ல. பழைய பத்திரம் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள்.

ஆகவே, குடும்பக் காகிதம் தேடுபவர்கள் முதலில் ஊர் எந்த வகை என்று தீர்மானியுங்கள். பாளையத்து ஊர் என்றால் 1792 முதலே பேஷ்குஷ் விவரம் கும்பினி ஆவணத்தில் வரும். அயன் ஊருக்கு 1801க்குப் பின் பாருங்கள். தூத்துக்குடிக் கரை என்றால் 1825க்கு முந்தியது டச்சு மொழியில் இருக்கும்; சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சுத் தொகுதிகள் தனியாகவே உண்டு. செங்கோட்டைக்காரர்கள் இந்த மூன்றிலும் தேட வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஊர்.